செடிக்கும் தூக்கம் வேணும் சார்!

எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து ராத்திரியில் ஊதா கலர் வெளிச்சம் வர ஆரம்பித்ததும், தெருவில் என் மதிப்பே மாறிப்போனது.

பால்காரர் ஒரு மாதிரி சிரித்தார். எதிர்வீட்டுப் பையன்கள் "அண்ணே, பார்ட்டியா?" என்றார்கள். கீழ் போர்ஷன்காரர் ரிட்டயர்டு ஆசாமி. சுற்றி வளைக்காமல் கேட்டே விட்டார்.

"தம்பி, உள்ள செடி வளர்க்கிறீங்களாமே?"

"ஆமா சார்."

"நல்ல செடிதானே?"

துளசி என்றேன். அவர் நம்பவில்லை. மாடிக்கு வந்து, மோந்து பார்த்து, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் இறங்கிப் போனார்.

பி.காம். படித்துவிட்டு, பகலில் நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ராத்திரியில் உங்களுக்கு இந்தப் பக்கத்தை எழுதுகிற எனக்குச் செடிகொடி சமாச்சாரம் எதற்கு? காரணம் அம்மா.

அப்பா போன பிறகு பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று, போன வருஷம் ஆனி மாசம் தர்மபுரிக்குக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது அம்மா கையில் ஒரு துணிப்பை. என் கையில் இரண்டு தொட்டி. ஒன்று துளசி. இன்னொன்று செவந்தி. கிணற்றடியில் அப்பா வைத்த நாட்டு மஞ்சள் செவந்தியில் இருந்து கிள்ளி நட்ட பக்கக் கன்று.

என் வீடு மூன்று பக்கமும் பெரிய கட்டடங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாடி போர்ஷன். சூரியன் என்பது காலண்டரில் பார்க்கிற சாமி. மொட்டை மாடியில் தொட்டி வைக்கலாமா என்று ஓனரைக் கேட்டேன். "தண்ணி இறங்கும் தம்பி" என்றார். (மழைத் தண்ணி எங்கே போகிறது என்று கேட்கவில்லை. வாடகை ஏறும்.)

மூன்று வாரத்தில் துளசி உதிர ஆரம்பித்தது. அம்மா தினம் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார். ஒன்றும் சொல்ல மாட்டார். அது வேறு கஷ்டம்.

சரி, காசு கொடுத்தால் சூரியனே வீட்டுக்கு வரும் காலமாயிற்றே என்று, செல்போனில் தேடி 'செடி வளர்க்கும் விளக்கு' ஒன்றை ஆர்டர் செய்தேன். ஊதா கலர். 45 வாட் என்று போட்டிருந்தது. காலை ஆறு மணியில் இருந்து ராத்திரி பத்து வரை 16 மணி நேரம் எரிய விட்டேன். ஒரு மாசம் ஆகியும் துளசிக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க மாட்டான். வீட்டு மின்சார மீட்டரில் சிவப்பாக ஒரு புள்ளி மினுக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே '3200' என்று போட்டிருக்கும். 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். (உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) ஃபேன், ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இந்த விளக்கை மட்டும் அரை மணி நேரம் எரியவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். 45 வாட் என்றால் 72 தடவை மினுக்க வேண்டும். மினுக்கியது 16. அதாவது 10 வாட்!

முதல் பாடம் அங்கேயே கிடைத்தது. பெட்டியில் '1000 வாட்' என்று போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். நிஜமாக எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதுதான் கணக்கு. நேர்மையாக எழுதுகிறவர்கள் அதையும் தனியாக, சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

* * *

இரண்டாவது பாடம் கலர். இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக விழுங்குகிறது. பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் இலை பச்சை. 'அப்படியானால் சிவப்பும் நீலமும் மட்டும் கொடுத்தால் போதுமே' என்று யோசித்ததன் விளைவுதான் ஊதா. தப்பில்லை. ஆனால் பச்சை வெளிச்சத்திலும் பெரும்பங்கை இலை உபயோகப்படுத்திக்கொள்கிறது. தவிர, சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்குக்குள்ளேயே நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் இருக்கிறது. உள்ளே ஒரு நீல எல்.இ.டி., மேலே ஒரு மஞ்சள் பூச்சு, அவ்வளவுதான் வெள்ளை. அந்த நீலத்தைக் கண்டுபிடிக்கத்தான் உலகம் 1990கள் வரை காத்திருந்தது. சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊதாவில் இன்னொரு தொல்லை. இலை பழுத்திருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நோயாளியை டான்ஸ் ஹாலில் வைத்து வைத்தியம் பார்க்கிற கதை.

ஆகவே எலெக்ட்ரிக் கடைக்குப் போய், நாலடி நீளத்தில் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. ட்யூப் லைட் இரண்டு வாங்கி வந்தேன். சாதாரணமாக வீட்டில் மாட்டுகிறதுதான். ஊதா விளக்குக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

மூன்றாவது பாடம் தூரம். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். நம் கண் பெரிய ஏமாற்றுக்காரன். வெயிலில் இருந்து ரூமுக்குள் வந்தாலும் ஒரு நிமிஷத்தில் அட்ஜஸ்ட் செய்துகொண்டு 'நல்ல வெளிச்சம்தானே' என்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நீங்கள் உட்கார்ந்து ஃபைல் பார்க்கும் ஆபீஸ் மேஜையில் 300 முதல் 500 வரை இருந்தால் பெரிய விஷயம். ஆபீஸில் மணி பிளான்ட் மட்டும் பிழைத்துக்கொள்வதும், மேனேஜர் ஆசையாக வைத்த ரோஜா மூன்றாம் வாரம் செத்துப்போவதும் இதனால்தான்.

பல்பு என்றால், ஒரு அடியில் கிடைக்கிற வெளிச்சம் இரண்டு அடியில் கால் பங்கு. மூன்று அடியில் ஒன்பதில் ஒரு பங்கு. நீளமான ட்யூப் கொஞ்சம் பரவாயில்லை. பக்கத்தில் இருக்கும்வரை தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகும். எப்படியும் கூரையில் மாட்டிய விளக்கு செடிக்கு நட்சத்திரம் மாதிரிதான். அழகாக இருக்கும், பசி தீராது. இரண்டு ட்யூப்பையும் கயிறு கட்டி, செடியின் உச்சிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டேன். செல்போனில் வெளிச்சம் அளக்கும் வசதியை வைத்துப் பார்த்தேன். (ரொம்பத் துல்லியம் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.) ஜன்னலோரம் 150 காட்டியது, ட்யூப்புக்கு அடியில் 6,000-ஐத் தாண்டியது. செடி வளர வளரக் கயிற்றை ஏற்ற வேண்டும். எல்.இ.டி. அவ்வளவாகச் சுடாது, ஆனாலும் இலை முட்டக் கூடாது.

துளசி இரண்டே வாரத்தில் துளிர்த்தது. அம்மா முதல் தடவையாக "பரவால்ல, படிச்சதுக்கு ஒரு வேலை செஞ்ச" என்றார். பி.காமில் இது சிலபஸிலேயே இல்லை என்று நான் சொல்லவில்லை.

செவந்தியோ துளசியைத் தூக்கிச் சாப்பிட்டது. முழங்கால் உயரம். கரும்பச்சை இலை. பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன உரம் என்று கேட்டார்கள். நானும் ஒரு நர்சரி முதலாளி மாதிரி லேசாகச் சிரித்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார்: "கார்த்திகைல உங்கப்பாவுக்கு வருஷத் திதி வருது சாமி. அவர் வெச்ச செடியில பூத்தத அவருக்கு வெச்சுட்டா போதும். வேற ஒண்ணும் ஆசையில்ல."

திதி நவம்பர் 22-ந்தேதி. அப்போது செப்டம்பர் பாதி. செடியில் ஒரு மொட்டுகூட இல்லை. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தால் பூத்துவிடும் என்று, விளக்கை ராத்திரி பன்னிரண்டு வரை எரிய விட்டேன். படித்த முட்டாள் என்பது தனி ஜாதி.

* * *

செப்டம்பர் 19-ந்தேதி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கர். அதில் பாதி செவந்தி. டவுன் பஸ் ஸ்டாண்டு பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டு, டீ குடிக்க வீட்டுக்கு வந்தவர், ஹாலில் கயிறு கட்டித் தொங்குகிற ட்யூப் லைட்டையும் செழித்து நிற்கிற செவந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, டீ சிந்தச் சிரித்தார்.

"ஏம் மாப்ளே, பூ வேணுமா வேணாமா ஒனக்கு?"

"வேணும் மாமா. அதுக்குத்தானே லைட்டு!"

"அட கூமுட்ட. செவந்தி பூக்கக் கூடாதுன்னுதான்டா நாங்க லைட்டு போடறோம்!"

எனக்குத் தலை சுற்றியது. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஓசூர், இராயக்கோட்டைப் பக்கமோ கர்நாடக எல்லைப் பக்கமோ ராத்திரி பஸ்ஸில் போகிறபோது, ஆள் அரவம் இல்லாத வயலில் கல்யாண வீடு மாதிரி வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். (2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதெல்லாம் எங்கள் மாவட்டம்தான் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு அல்ப சந்தோஷம்.) 'யாரோ கரண்டை வீணாக்குகிறான்' என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன். அது சாகுபடி.

செவந்தி, ராத்திரி நீளமாக இருந்தால்தான் மொட்டு விடும். நட்ட உடனே மொட்டு விட்டால் குச்சி குட்டையாகவே நின்றுவிடும்; கிளையும் இருக்காது, பூவும் தேறாது. அதனால் முதல் நாலு வாரம் போல நடுராத்திரியில் சில மணி நேரம் பல்பு போடுகிறார்கள். செடி, 'இன்னும் கோடைகாலம்தான் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டே இருக்கும். போதுமான உயரம் வந்ததும் பல்பை நிறுத்துவார்கள். அங்கிருந்து, ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பன்னிரண்டு வாரத்தில் பூ. ஆயுத பூஜைக்கு வேண்டுமா, தீபாவளிக்கா, பொங்கலுக்கா என்று விலை பார்த்துத் தேதி குறித்துச் சுவிட்சை அணைக்கிறார்கள். பூவுக்கு டியூ டேட் போடுகிற ஆட்கள் சார் இவர்கள். நான் என்னமோ கணக்கு எழுதுகிறேனாம்.

இது உலகம் முழுக்க நடக்கிறது. ஜப்பானில் ஐச்சி மாகாணத்து தஹாரா ஊர்ப் பக்கம் ராத்திரியில் விளக்குப் போட்ட செவந்தித் தோட்டங்களை வேடிக்கை பார்க்கவே ஜனங்கள் போகிறார்கள். வியட்நாமில் பின் துவான் பகுதியில் டிராகன் பழத்துக்கு இதே மாதிரி ராத்திரி விளக்கு, ஆனால் நேர் எதிர்க் காரணத்துக்காக! அது நீண்ட பகல் இருந்தால் பூக்கிற ஜாதி. அதற்கு விளக்குப் போட்டால் பூக்கும். செவந்திக்குப் போட்டால் பூக்காது. ஒரே பல்பு, இரண்டு பலன்.

கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரண்டு பேர். அவர்களிடம் ஒரு புகையிலை ரகம் கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. உரம், சூடு, தண்ணீர் எல்லாம் மாற்றிப் பார்த்து ஓய்ந்து, கடைசியில் சாயங்காலமே செடியைத் தூக்கி இருட்டுக் கொட்டகையில் வைத்தார்கள். பூத்துவிட்டது. 1920-ல் அதை வெளியிட்டார்கள். 1938-ல் இன்னும் வேடிக்கை. மருளூமத்தைச் செடியை வைத்து ஹாம்னர், போன்னர் என்ற இருவர், நீண்ட ராத்திரியின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தாலே போதும், ராத்திரிக் கணக்கு செல்லாது என்று காட்டினார்கள். செடி எண்ணுவது பகலை அல்ல. தடங்கல் இல்லாத இருட்டை.

இருட்டை எண்ணுகிற பொருள் இலையில் இருக்கிறது. பெயர் ஃபைட்டோகுரோம், 1959-ல் பிடிபட்டது. சிவப்பு வெளிச்சம் பட்டால் ஒரு வடிவத்துக்கு மாறும். நீண்ட இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நடுவில் விளக்கைப் போட்டால் மறுபடி ஒன்றில் இருந்து எண்ண வேண்டியதுதான்.

ஆக, விளக்கு செடிக்கு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று சோறு, அதற்கு ஆயிரக்கணக்கில் லக்ஸ் வேண்டும். இன்னொன்று கடிகாரம், அதற்கு நூறு லக்ஸ்கூடத் தாராளம். தெரு விளக்குக்கு நேர் கீழே வைத்த செவந்தி வருஷக்கணக்கில் பூக்காமல் நிற்பதற்கு மண்ணைக் குறை சொல்லாதீர்கள். பௌர்ணமி நிலாவைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். அது கால் லக்ஸ் சொச்சம்தான்.

* * *

மாமா கைவிரல் விட்டு எண்ணினார். "இந்த ரகத்துக்கு இருட்டு குடுத்த நாள்ல இருந்து ஒம்போது வாரம். நாளைக்கே ஆரம்பிச்சா 63 நாளு. 22-ந்தேதி சரியா வரும். ஒரு நாள்கூட மிஸ் பண்ணாத."

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. ஓட்டைகளுக்குக் கறுப்புத் துணி ஒட்டினேன். சாயங்காலம் ஆறு மணிக்குச் செவந்தி மேல் கவிழ்க்க வேண்டும், காலை ஏழு மணிக்கு எடுக்க வேண்டும். 13 மணி நேரம் கும்மிருட்டு. ஆறு மணிக்கு நான் ஏதாவது கடையில் பில் புக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன் என்பதால் கவிழ்க்கிற டியூட்டி அம்மாவுக்கு. துளசிக்கு மட்டும் விளக்கு காலை ஏழில் இருந்து ராத்திரி ஒன்பது வரை, 14 மணி நேரம். அதற்கு ஒரு டைமர் சுவிட்ச்.

அக்டோபர் 1-ந்தேதி ராத்திரி இரண்டு மணி. தண்ணி குடிக்க எழுந்தேன். ஹாலில் லைட் எரிகிறது. பெட்டி ஓரமாகக் கிடக்கிறது. அம்மா செவந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா பண்ற?"

"சும்மாதான் சாமி. பூராப் பொழுதும் மூடியே வெச்சா மூச்சு முட்டாதா? தெனம் செத்த நேரம் தொறந்து வெப்பேன்."

"தெனமுமா?"

"மூடுன நாள்ல இருந்து."

பன்னிரண்டு ராத்திரி. சரியாக நடுஜாமம். ஹாம்னரும் போன்னரும் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த மாதிரி! பன்னிரண்டு நாள் கணக்கும் செல்லாது.

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அதற்குள் அம்மா மெதுவாகச் சொன்னார்: "உங்கப்பாவுக்குக் கடைசில இருட்டுன்னா ஆகாதுடா. ஆஸ்பத்திரில லைட்டை அணைச்சா, 'போடு போடு'ன்னு கையை ஆட்டுவாரு. அது நெனப்பு வந்துரும். எந்திரிச்சு வந்து தொறந்து வெச்சுருவேன்."

ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க இருந்தது அம்மாதான். நான் காலையில் போய் இட்லி கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடுவேன். அப்பா லைட்டைப் போடச் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

உட்கார்ந்து, ஃபைட்டோகுரோம் என்ற வார்த்தையைச் சொல்லாமல் விளக்கினேன். "அது தூங்கறப்பதான்மா பூவை யோசிக்குது. எழுப்பிவிட்டா மறந்துடும்." அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படின்னா மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். நியாயம்தான். பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னேனே தவிர, எதற்கு என்று சொல்லவே இல்லை.

அக்டோபர் 2-ல் இருந்து மறுபடி ஒன்று. 63 நாள் என்றால் டிசம்பர் 4. திதிக்குப் பன்னிரண்டு நாள் லேட். எந்த ஆடிட்டராலும் சரிக்கட்ட முடியாத லெட்ஜர்.

அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூட அம்மா பெட்டியைத் தொடவில்லை. மின்சாரம் போய்விட்டால்கூட, டார்ச் அந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

நவம்பர் 22 அன்று செடியில் முப்பது மொட்டுக்கு மேல் இருந்தன. சிலவற்றின் நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் கோடு. பூ மார்க்கெட்டில் இரண்டு முழம் வாங்கி வந்திருந்தேன். அம்மா அதைப் படத்துக்குப் போட்டார். பிறகு, செவந்தித் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து படத்துக்கு முன்னால் வைத்தார். "பாத்துக்கங்க. உம் புள்ள வளர்த்தது. இன்னும் பன்னண்டு நாள் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

டிசம்பர் 3-ந்தேதி காலையில் பெட்டியை எடுத்தபோது முதல் பூ விரிந்திருந்தது. அம்மா அதைப் பறிக்கவில்லை. யாரையும் பறிக்கவும் விடவில்லை.

* * *

பேச்சிலர் ரூமில் செடி வளர்க்க நினைக்கும் தம்பிகளுக்குச் சுருக்கமாக:

ஊதா வேண்டாம், வெள்ளை ட்யூப் போதும். வாட்ஸை மீட்டரில் எண்ணிப் பாருங்கள். செடிக்கு ஒரு சாண் மேலே கட்டுங்கள். கொத்தமல்லி, புதினா, கீரை, துளசி வரும். தக்காளி, மிளகாய்க்கு இரண்டு ட்யூப் பத்தாது, ஆசைப்படாதீர்கள். 14 மணி நேரம் போதும். டைமர் வாங்கிவிடுங்கள், உங்கள் ஞாபகசக்தியை நம்பாதீர்கள். வெயில் இல்லாத இடத்தில் தொட்டி சீக்கிரம் காயாது. தினமும் தண்ணி ஊற்றி வேரை அழுக விடாதீர்கள். செலவு? 20 வாட் ட்யூப் இரண்டு, 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு அரை யூனிட் சொச்சம். மாசத்துக்கு 17 யூனிட். பூச்செடி என்றால், அது விளக்கைப் பார்த்துப் பூக்கிற ஜாதியா, இருட்டைப் பார்த்துப் பூக்கிற ஜாதியா என்று முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக, வீட்டில் யாரிடமாவது ஒரு வேலை கொடுத்தால், எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு நாள் மிச்சமாகும்.

கீழ் போர்ஷன்காரர் போன வாரம் மறுபடி வந்தார். மோந்து பார்க்கவில்லை. "தம்பி, அந்தச் செவந்தியில எனக்கொரு கன்னு கிடைக்குமா? எங்க ஹாலும் இருட்டுதான்" என்றார்.

ஃபிரிட்ஜ் பெட்டி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.